18 டாலர் நிலமும் ஒரு குடும்பமும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

அமெரிக்கப் புல்வெளியில் முதன்முதலாக ஏர் பூட்டிய குடியேறிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். 1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி நெப்ராஸ்காவில் 160 ஏக்கர் எடுத்த டேனியல் ஃப்ரீமன் குடும்பம் அதில் வந்தது. வீடு எப்படிக் கட்டினார்கள், என்ன சாப்பிட்டார்கள், மாடு எத்தனை ஜோடி என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

160 ஏக்கரைச் சும்மாவா கொடுத்தார்கள்? யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மன்னார்குடி

காகிதச் செலவு 18 டாலர். மனுப் போடும்போது 10 டாலர் கட்டணம், நில அலுவலகத்தாருக்கு 2 டாலர் தரகு, கடைசியில் பட்டா வாங்கும்போது 6 டாலர். ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட சட்டம், 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர் மனுப் போடலாம். குடிமகனாகவோ, குடிமகனாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தவராகவோ இருக்க வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியிருக்கக் கூடாது. மணமாகாத பெண்ணும் விதவையும் தங்கள் பெயரிலேயே எடுக்கலாம். கணவனோடு வாழும் மனைவிக்கு அந்த வழி இல்லை.

நிலம் ஏற்கெனவே கட்டம் கட்டமாக அளந்து கல் நட்டது. ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், ஒரு கட்டம். அதில் கால் பங்குதான் 160 ஏக்கர், பக்கத்துக்கு அரை மைல். மனுப் போட்ட ஆறு மாதத்துக்குள் குடிபோக வேண்டும். ஐந்து ஆண்டு அங்கேயே வாழ்ந்து, வீடு கட்டி, பயிர் செய்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்குள் இரண்டு சாட்சிகளோடு போய்ச் சத்தியம் செய்தால் பட்டா. காத்திருக்க மனமில்லாதவர் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி உடனே கிரயம் வாங்கிக்கொள்ளலாம். நிலத் தரகர்கள் கூலிக்கு ஆள் பிடித்து மனுப் போடவைத்து, நல்ல நிலத்தை வளைத்தது இந்தச் சந்து வழியாகத்தான்.

ஆனால் 18 டாலரோடு போனவன் முதல் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டான். ஏர், மாடு, வண்டி, அடுப்பு, விதை, முதல் அறுவடை வரைக்கும் சாப்பாடு என்று எல்லாம் சேர்ந்தால் சில நூறு டாலராவது ஆகும். அதனால் நிலத்தைப் பிடித்துவைத்துவிட்டு, ஆண் ரயில் பாதை வேலைக்கோ அடுத்தவன் அறுவடைக்கோ கூலிக்குப் போவது சாதாரணம். அந்த மாதங்களில் ‘குடியிருக்கும்’ நிபந்தனையைக் காப்பாற்றியது மனைவியும் குழந்தைகளும். மனு ஆணின் பெயரில் எழுதப்பட்டது. நிலத்தில் தங்கியது குடும்பம்.

ஃப்ரீமன்தான் உண்மையிலேயே முதல் ஆளா? அவர் குடும்பம் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்கள்.
– வாசகி, பொள்ளாச்சி

சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாளிலேயே நானூறுக்கும் மேற்பட்டோர் பல ஊர்களில் மனுப் போட்டார்கள். ஃப்ரீமன் மனுப் போட்டது பிரவுன்வில் நில அலுவலகத்தில். நள்ளிரவு தாண்டியதும் அலுவலகத்தைத் திறக்கவைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியிருந்தாலும், அவருடைய மனு அந்த அலுவலகத்தில் 1-ஆம் எண். ‘நாட்டின் முதல் குடியேறி’ என்ற பட்டத்தை அவரே வாழ்நாள் முழுக்க விடாமல் சொல்லிவந்தார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1826-இல் ஓஹையோவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தார். முதல் மனைவி இறந்துவிட்டார். இரண்டாவது மனைவி ஆக்னஸ் சூட்டர், ஐயோவாக்காரர். ஆக்னஸ் முதலில் நிச்சயிக்கப்பட்டிருந்தது டேனியலின் தம்பி ஜேம்ஸுக்கு. ஜேம்ஸ் போர்க்காலத்தில் இறந்த பிறகு, கடிதத்தில் தொடங்கிய பேச்சு கல்யாணத்தில் முடிந்தது. 1865-இல் மணம்.

ஐந்து ஆண்டு முடிந்து சாட்சிகள் சத்தியம் செய்த பத்திரம் இன்றும் இருக்கிறது. அதைப் படித்தால் ஒரு பண்ணை கண்முன் வரும்: மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள குடும்பத் தலைவர், 14-க்கு 20 அடியில், பாதி உருட்டுக் கட்டையாலும் பாதி பலகையாலும் ஆன வீடு, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், சுமார் 35 ஏக்கர் உழுது வேலி போட்டுப் பயிர் செய்த நிலம், தொழுவம், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, சோளக் களஞ்சியம், 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம். கவனியுங்கள், ஐந்து ஆண்டு உழைத்தும் 160-இல் 35 ஏக்கர்தான் உழவுக்கு வந்திருக்கிறது. இது தோல்வி அல்ல. அன்றைக்கு நல்ல வேகம்.

டேனியல் 1908-இல் இறந்தார், ஆக்னஸ் 1931-இல். அவர்கள் எடுத்த நிலத்தை 1936-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தேசிய நினைவிடமாக்கியது.

மரமே இல்லாத இடத்தில் மண்ணையே வெட்டி வீடு கட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். செங்கல்லா, சுடாத கல்லா, எப்படி? மழைக்கு நிற்குமா?
– கட்டட மேஸ்திரி, விருத்தாசலம்

ஃப்ரீமனுக்கு ஓடைக்கரை கிடைத்தது, அதனால் மரம் இருந்தது. மேட்டு நிலம் எடுத்தவர்களுக்குத்தான் மண் வீடு.

புல்வெளியின் மேல் மண்ணில் வேர்கள் பாய் பின்னியதுபோல் கிடக்கும். மழை பெய்து ஈரம் ஊறியிருக்கும்போது, மண்ணைப் புரட்டாமல் நாடாவாகச் சீவும் ஏரால் ஓர் அடி அகலம், நாலு அங்குல கனத்துக்கு உழுவார்கள். பிறகு கூரிய மண்வெட்டியால் இரண்டு அடிக்கு ஒரு வெட்டு. ஒரு கட்டி ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ. அன்றன்றைக்குக் கட்டுவதற்கு வேண்டியதை மட்டுமே வெட்டுவார்கள். இரவு தாண்டினால் ஓரம் காய்ந்து உதிரும்.

கட்டும் முறை உங்களுக்கு எளிதில் புரியும். தரையைச் செதுக்கி மட்டம் செய்து, புல் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு வரிசை அடுக்க வேண்டும். சுவர் கனம் இரண்டு அடி வரும். மேல் வரிசையின் இணைப்பு கீழ் வரிசை இணைப்பின் மேல் வரக் கூடாது. மூன்று நான்கு வரிசைக்கு ஒருமுறை கட்டிகளைக் குறுக்கே போட்டு இரண்டு வரிசையையும் கட்ட வேண்டும். சாந்து கிடையாது. இடைவெளியில் தூள் மண்ணைத் திணிப்பதோடு சரி. உள்ளளவு 16-க்கு 20 அடி, உயரம் ஏழடி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1,500 கட்டி, 30 டன்னுக்கு மேல் மண். உடைந்தது, வேர் பிடிக்காதது கழித்தால் இன்னும் கூடுதலாக உழ வேண்டியிருக்கும்.

புதிதாகக் கட்டுபவர் ஏமாறும் இடம் ஜன்னல். சுவர் காயக் காயப் பல அங்குலம் இறங்கும். சட்டத்தை இறுக்கமாக வைத்துக் கட்டினால் கண்ணாடி நொறுங்கிவிடும். அதனால் சட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டு, அதைக் கந்தலாலும் வைக்கோலாலும் அடைத்துவைப்பார்கள். சுவர் இறங்கி நின்ற பிறகுதான் மண்ணால் பூசுவது.

மழைக்குச் சுவர் நிற்கும், கூரைதான் நிற்காது. நடு உத்தரம், அதன்மேல் கம்பு, சுள்ளி, காய்ந்த புல், கடைசியில் மறுபடியும் மண்கட்டி. வெளியே இரண்டு நாள் மழை என்றால் உள்ளே மூன்று நாள் மழை என்பது அவர்கள் பேச்சு வழக்கு. ஊறிய கூரையின் பாரத்தில் உத்தரம் முறிந்து விழுந்த வீடுகளும் உண்டு. உத்தரத்துக்கு அடியில் வெள்ளை மல் துணியை இழுத்துக் கட்டினால் மண்ணும் பூச்சியும், சில நேரம் பாம்பும், சாப்பாட்டுத் தட்டில் விழாமல் அதில் தங்கும். வெயிலுக்குக் குளிர்ச்சி, பனிக்குக் கதகதப்பு, தீப்பிடிக்காது. இவை மூன்றும் அதன் லாபம். ஆறேழு ஆண்டு தாங்கும். அதற்குள் பலகை வாங்கக் காசு சேர்ந்துவிட வேண்டும்.

கன்னி நிலத்தை உடைக்க எத்தனை ஜோடி மாடு? எந்தப் பட்டத்தில்? முதல் ஆண்டு என்ன விளைந்தது?
– விவசாயி, உடுமலைப்பேட்டை

பெரிய உடைப்பு ஏருக்கு மூன்று ஜோடி, சில இடத்தில் அதற்கும் மேல். சிறிய ஏர் என்றால் இரண்டு ஜோடி. குதிரையைவிடக் காளைக்கே மதிப்பு. குதிரை கடுமையாக உழைக்கத் தானியம் கேட்கும், முதல் ஆண்டு தானியத்துக்கு எங்கே போவது? காளை புல்லைத் தின்று உழைக்கும்.

கொழு எஃகு. வார்ப்பிரும்பு ஏரில் அந்தக் கருப்பு மண் அப்பிக்கொள்ளும். பத்து எட்டுக்கு ஒருமுறை நிறுத்திச் சுரண்ட வேண்டும். 1837-இல் இல்லினாய்ஸ் கொல்லர் ஜான் டீர் பழைய ரம்பத் தகட்டை வளைத்துச் செய்த ஏரில், வழவழப்பான எஃகு தன்னையே துடைத்துக்கொண்டது. புல்வெளி உழவு பெருகியதற்கு அதுதான் திறவுகோல்.

பட்டம் மே நடுப்பகுதி முதல் ஜூன் கடைசி வரை. புல் வேகமாக வளரும் அந்த வாரங்களில், வேரில் சேமிப்பு குறைந்திருக்கும்போது திருப்பிப் போட்டால் அது மீளாது. ஆழம் இரண்டு மூன்று அங்குலம்தான். நம் ஊர் உழவர் இதைப் படித்தால் ‘இதென்ன உழவு’ என்பார். ஆழமாக உழுதால் கட்டி கனமாகி, மட்குவதற்குப் பதில் காய்ந்து கல்லாகிவிடும். ஜூலைக்குப் பிறகு உழுதாலும் அதே கதி. அடுத்த ஆண்டு கட்டிகளுக்கு இடையே பழைய புல்லே தலைநீட்டும். சரியான நேரத்தில் உடைத்தது இலையுதிர் காலத்துக்குள் மட்கும். அப்போது அதே சாலில் கொஞ்சம் ஆழமாக மறு உழவு போட்டு அடிமண்ணை மேலே கொண்டுவருவார்கள்.

உழைப்பைக் கணக்குப் போடுங்கள். ஓரடி அகலச் சாலில் ஒரு ஏக்கர் உழ 43,560 அடி நடக்க வேண்டும். 13 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு ஒன்றரை ஏக்கர் முடித்தவன் 20 கிலோமீட்டர் மாட்டுக்குப் பின்னால் நடந்திருக்கிறான், திரும்பும் இடங்களைச் சேர்க்காமல்.

முதல் ஆண்டு வயிற்றுக்கு மக்காச்சோளம். உடைத்த மண்ணில் மூன்று சாலுக்கு ஒரு சால் என்று கோடாரியாலோ மண்வெட்டியாலோ ஒரு வெட்டு, அதில் இரண்டு மூன்று விதை, குதிகாலால் ஒரு மிதி. களையெடுப்பும் கிடையாது, அணைப்பும் கிடையாது. விளைச்சல் சொற்பம், ஆனால் மாட்டுக்குத் தட்டையும் வீட்டுக்கு மாவும் கிடைத்துவிடும். கோதுமை அடுத்த ஆண்டுதான். 1874 முதல் ரஷ்யாவிலிருந்து கான்சஸுக்கு வந்த மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் கொண்டுவந்த ‘டர்க்கி ரெட்’ குளிர்காலக் கோதுமை பின்னால் அந்தப் பகுதியின் முதன்மைப் பயிரானது. செப்டம்பரில் விதைத்தால் கோடை வறட்சி முற்றுவதற்குள் கதிர் முற்றிவிடும் என்பதுதான் அதன் பலம்.

விறகு இல்லாமல் எதை எரித்தார்கள்?
– வாசகி, சிவகங்கை

நீங்கள் எரிப்பதையே. காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடந்தவரை அது, பிறகு மாட்டு வறட்டி. சோளத் தக்கை, முறுக்கிக் கட்டிய காய்ந்த புல் ஆகியவையும் உண்டு. புல் முறுக்கு சில நிமிடத்தில் எரிந்து தீர்ந்துவிடும். ரொட்டி வேகும்வரை ஒரு குழந்தை அடுப்பருகே உட்கார்ந்து முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

குடும்பத்தில் கைக்காசு எங்கிருந்து வந்தது? பெண்களின் வேலையைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்களே?
– வாசகி, நாமக்கல்

நியாயமான புகார். கோதுமைப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வரும், வந்த வேகத்தில் கடனுக்குப் போகும். மளிகைக் கடையில் காப்பி, சர்க்கரை, உப்பு, மண்ணெண்ணெய், துணி ஆகியவற்றுக்கு ஈடாகப் போனது மனைவியின் வெண்ணெயும் முட்டையும். வறட்சி ஆண்டுகளில் பல பண்ணைகள் தப்பியது இந்தக் கூடையால்தான் என்பது எங்கள் கருத்து.

வெண்ணெய் எடுப்பது நம் முறையல்ல. தயிரைக் கடையாமல், பாலை அகலத் தட்டில் ஊற்றிக் குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் வைத்து, மேலே படியும் ஏட்டை எடுத்துச் சேர்ப்பார்கள். அது லேசாகப் புளித்ததும் மரத் தொட்டியில் ஊற்றிக் கட்டையால் மேலும் கீழுமாகக் குத்த வேண்டும். ஏட்டின் சூடு 16, 17 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் அரை மணியில் திரளும். அதைவிடக் குளிர்ந்திருந்தால் மணிக்கணக்கில் குத்தினாலும் நுரைதான். சூடாக இருந்தால் வெளுத்த, பிசுபிசுப்பான வெண்ணெய் வரும், கடைக்காரர் விலையைக் குறைப்பார். கோதுமை மணி அளவுக்குத் திரண்டதும் நிறுத்தி, மோரை வடித்து, கழுவும் நீர் தெளியும்வரை குளிர்ந்த நீரில் அலச வேண்டும். மோர் தங்கினால் சில நாளில் காறல் எடுக்கும். கிலோவுக்கு 60 கிராம் உப்பு. கையின் சூடு படாமல் மரக் கரண்டியால் அமுக்கி நீரைப் பிரிக்க வேண்டும். பசும்புல் இல்லாத குளிர்காலத்தில் வெண்ணெய் வெளுத்துப்போகும். காரட்டைத் துருவிப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து ஏட்டில் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும்.

இதற்கிடையே குழந்தைகளும் நோயும். பக்கத்து வீடு அரை மைல், மருத்துவர் ஒரு நாள் பயணம். பிரசவத்துக்கு வந்தது பெரும்பாலும் பக்கத்துப் பண்ணைப் பெண்கள்தான்.

குழந்தைகள் படித்தார்களா?
– ஆசிரியர், கும்பகோணம்

படித்தார்கள், வேலை இல்லாத மாதங்களில். ஆறேழு வயதிலேயே மாடு மேய்ப்பது, விதை போடுவது அவர்கள் பொறுப்பு. 36 கட்டம் கொண்ட ஒவ்வொரு வட்டத்திலும் 16-ஆம், 36-ஆம் கட்ட நிலம் பள்ளிச் செலவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியை, எல்லா வகுப்பும். ஃப்ரீமன் இங்கேயும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசித்து ஜெபம் நடத்தியதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1902-இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

1888 ஜனவரி 12 அன்று வீசிய பனிப்புயலுக்குப் ‘பள்ளிக் குழந்தைகள் புயல்’ என்றே பெயர். காலையில் இதமான வெயில், குழந்தைகள் கனத்த உடை இல்லாமல் பள்ளிக்குப் போயிருந்தார்கள். புயல் திடீரென இறங்கியது. இறந்தவர்கள் சுமார் 235 பேர் என்று கணக்கு. வீட்டிலிருந்து தொழுவத்துக்குக் கயிறு கட்டிவைத்து, அதைப் பிடித்துக்கொண்டே மாட்டுக்குத் தீனி போடப் போகும் வழக்கம் இந்த மாதிரிப் புயல்களுக்காகத்தான். எதிரே நீட்டிய கை தெரியாத பனியில், இருபது அடியில் வழி தவறியவர்கள் உண்டு.

யாருமற்ற நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையா?
– வாசகர், சென்னை

‘யாருமற்ற’ என்ற சொல் எங்கள் பக்கத்தில் வந்திருக்கக் கூடாது. ஃப்ரீமன் எடுத்த பிக் புளூ ஆற்றுப் பகுதி ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கவைத்து, அந்த ஆற்றோரம் ஒரு துண்டை மட்டும் ஒதுக்கினார்கள். 1881-இல் அதிலிருந்தும் கிளப்பி இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் 16 லட்சம் பட்டா, 27 கோடி ஏக்கர் கைமாறியது. அத்தனைக்கும் அடியில் இப்படி ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

வெட்டுக்கிளியை எப்படிச் சமாளித்தார்கள்?
– விவசாயி, ராஜபாளையம்

1874 முதல் 1877 வரை வந்த ராக்கி மலை வெட்டுக்கிளியைச் சமாளித்தார்கள் என்று சொல்ல முடியாது. காய்கறிப் பாத்தியைப் போர்வையால் மூடினால் போர்வையைத் தின்றது. வியர்வை உப்புக்காக மண்வெட்டிப் பிடியையும் சேணத் தோலையும் அரித்தது. பறக்கும் கூட்டத்துக்கு மருந்து இல்லை. சிறகு முளைக்காத குஞ்சுக்கு மட்டும் ஒரு கருவி பயன்பட்டது. எட்டுப் பத்தடி நீளத் தகரத் தட்டில் நிலக்கரித் தார் பூசி, வயலில் இழுத்துக்கொண்டு போனால் துள்ளும் குஞ்சுகள் அதில் விழுந்து ஒட்டும். முட்டை மேல் மண்ணில் இருப்பதால், இலையுதிர் காலத்தில் ஆழ உழுது புதைத்தால் பெரும்பகுதி பொரிக்காது.

பிறகு அந்த இனமே அழிந்துபோனது. கடைசியாக உயிரோடு பிடிபட்டது 1902-இல். மலையடிவாரத்தில் அது முட்டையிடும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் குடியேறிகள் உழுதுவிட்டதே காரணம் என்பது வலுவான விளக்கம்.

கிணறு எத்தனை அடி? வெடி வைத்தார்களா?
– கிணறு வெட்டும் தொழிலாளி, பரமத்தி வேலூர்

ஓடையோரம் 20 முதல் 40 அடியில் தண்ணீர். மேட்டில் 200 அடியும் தாண்டும். பெரும்பாலும் வண்டல் மண், அதனால் வெடிக்கு வேலையில்லை. மூன்று நாலடி விட்டத்தில் ஒருவர் உள்ளே வெட்ட, மேலே உருளையில் வாளி இழுக்க ஒருவர், பல வீடுகளில் மனைவி. ஆபத்து இரண்டு. மணல் படுகையில் சுவர் சரியும், அதற்குப் பலகை வளையம் இறக்கிக்கொண்டே போக வேண்டும். அடுத்தது அடியில் தேங்கும் கெட்ட காற்று. காலையில் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் விட்டுப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்குவதில்லை. சுள்ளிக் கட்டை மேலும் கீழும் பலமுறை இழுத்துக் காற்றைக் கலக்கி, மறுபடி விளக்கு விட்டுப் பார்ப்பார்கள். விளக்குச் சோதனை பிராணவாயுக் குறைவை மட்டுமே காட்டும், விஷ வாயுவைக் காட்டாது. தீப்பற்றும் வாயு இருந்தால் விளக்கே வெடிக்கு வழி செய்யும். பழைய கிணற்றில் தூர் வாரும் உங்கள் குழுவில் யாரும் அதை நம்பி இறங்க வேண்டாம். வாயு அளவி வைத்துப் பார்த்து, ஊதுகுழாயால் காற்றை மாற்றி, இடுப்புக் கயிற்றோடு இறங்குங்கள். மேலே இழுக்க இரண்டு பேர் நிற்க வேண்டும்.